மாலையைக் கழற்றிய மறுநாள்

பல்லடத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி விசைத்தறி ஓட்டுகிறவர். குடியை நிறுத்துவதற்காக ஒரு மாதம் மறுவாழ்வு மையத்தில் இருந்தார். அங்கே இருந்த நாட்களில் குடிக்கும் நினைப்பே வரவில்லை என்று சத்தியம் செய்கிறார். அக்காவுக்கும் அது பொய்யாகப் படவில்லை. வீடு திரும்பிய முதல் சனிக்கிழமை, வாரச் சம்பளம் கைக்கு வந்த மாலையே குடித்துவிட்டார். அதே ஊரில் பங்காளி முறையில் அண்ணன் ஒருவர், ஒரு காலத்து மொடாக்குடியர். அவர் எந்த மையத்திலும் தங்கியதில்லை. வாரம் தவறாமல் திருப்பூருக்கு பஸ் ஏறி ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டத்துக்குப் போய் வருகிறார். பல வருடங்களாகத் தொடவில்லை. "மாத்திரையும் டாக்டரும் செய்யாததை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது எப்படிச் செய்யும்? என் தம்பிக்கு மனவுறுதி போதாது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில்: இல்லை. முதல் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல் வாரத்து வேதியியலை வேகமாகக் கடந்துவிடலாம். மது மூளையின் அமைதிப்படுத்தும் காபா அமைப்பைத் தூண்டுகிறது, முடுக்கிவிடும் குளூட்டமேட் அமைப்பை அடக்குகிறது. தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகட்ட எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நிற்கப் பழகுகிறது. திடீரென்று மது வராவிட்டால் அந்தச் சாய்வு மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் அதிலிருந்து வருபவை. சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும்; இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம். ஆகவே தினமும் அதிகமாகக் குடிக்கும் ஒருவர் வீட்டில் வைராக்கியமாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். இந்தக் கட்டத்துக்கு எந்தக் கூட்டமும் மாற்றல்ல.

பெரும்பாலானோருக்கு இந்தப் புயல் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். தம்பி குடித்ததோ ஐந்தாவது வாரத்தில். அப்போது அவர் உடம்பில் மதுவும் இல்லை, நடுக்கமும் இல்லை. பின் எது குடிக்க வைத்தது?

பாவ்லோவின் நாயைப் பள்ளியில் படித்திருப்போம். உணவுக்கு முன் ஓர் ஒலி. நாளடைவில் ஒலி கேட்டாலே எச்சில் ஊறும். பாடப்புத்தகம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது, சுவையான பகுதி அதற்குப் பிறகுதான். ஒலியை மட்டும் எழுப்பி உணவே கொடுக்காமல் விட்டால் சில தடவைகளில் எச்சில் நின்றுவிடுகிறது. நாய் மறந்துவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். சிறிது இடைவெளி விட்டு அதே ஒலியை எழுப்பினால் எச்சில் மீண்டும் ஊறுகிறது! மறந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது?

மூளை பழையதை அழிப்பதில்லை. சுவரொட்டி மேல் சுவரொட்டி ஒட்டுவது போல, "ஒலி வந்தால் உணவு வரும்" என்ற பழைய பாடத்தின் மேல் "ஒலி வந்தாலும் உணவு வராது" என்ற புதுப் பாடத்தை ஒட்டுகிறது. அடியில் இருப்பது அப்படியே இருக்கிறது. நடத்தையில் எது வெளிப்படும் என்பது, அந்த நேரத்தில் எது மேலே தெரிகிறது என்பதைப் பொறுத்தது.

எது மேலே தெரியும் என்பதை எது தீர்மானிக்கிறது? 1979இல் மார்க் பூட்டன், ராபர்ட் போல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் எலிகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பெட்டியில் ஓர் ஒலியோடு லேசான மின்னதிர்ச்சி கொடுத்து எலிக்கு ஒலியைக் கண்டு அஞ்சப் பழக்கினார்கள். பிறகு வேறு விதமான இன்னொரு பெட்டியில் அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார்கள். பயம் போய்விட்டது. எலியை முதல் பெட்டிக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒலி கேட்டதும் பயம் வந்துவிட்டது. பின்னாளில் உணவை வைத்தும் போதைப் பொருளை வைத்தும் மதுவை வைத்தும் செய்த சோதனைகளில் இதே முடிவு கிடைத்தது.

என்னை மயக்குவது இதிலுள்ள ஓரவஞ்சனைதான். முதலில் கற்ற பாடம் ஊர் ஊராகக் கூடவே வருகிறது. அதை மறுக்கும் இரண்டாவது பாடமோ, கற்ற இடத்தைவிட்டு எளிதில் நகர்வதில்லை. மூளை முதல் பாடத்தைப் பொது விதியாகவும் இரண்டாவதை விதிவிலக்காகவும் பதிவு செய்கிறது. விதிவிலக்குக்கு மட்டும் "எங்கே, எப்போது" என்ற குறிப்பு சேர்கிறது. இடத்தின் அடையாளத்தைக் கொண்டுவருவது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. "இங்கே வேண்டாம்" என்று கடிவாளம் பிடிப்பது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி. இடம் மாறினால் கடிவாளம் தளர்கிறது. ஒரு விலங்கின் கண்ணால் பார்த்தால் இது நியாயமும்கூட. நேற்று பழம் கிடைத்த மரத்தில் இன்று இல்லை என்பதற்காக, பழமென்றால் உணவு என்பதையே மறந்துவிடும் குரங்கு பிழைக்குமா?

இந்தச் சோதனையைக் கொங்கு நாட்டில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் செய்து பார்க்கிறார்கள், ஆய்வுக்கூடம் இல்லாமல். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குக் காவடி. விரதம் இருக்கும் அத்தனை நாளும், அதற்கு முன் தினம் குடித்தவர்கூடத் தொடுவதில்லை. திரும்பி வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே டாஸ்மாக் வாசலில் நிற்கிறார். ஊரார் இதைப் பார்த்து, "சாமிக்குப் பயந்தவன், மற்றபடி மனவுறுதி இல்லாதவன்" என்கிறார்கள். ஒரு மண்டலம் முழுக்கக் குடிக்காமல் இருந்தவருக்கா மனவுறுதி இல்லை? அவர் கற்ற "வேண்டாம்" என்ற பாடம் கழுத்து மாலையோடும் வேட்டியின் நிறத்தோடும் "சாமி" என்று அழைக்கும் குரல்களோடும் சேர்ந்து ஒட்டியது. அவை போனதும் அதுவும் உரிந்துவிட்டது. (சாமி உண்டா இல்லையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. நம்பாதவர் மாலை போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் கட்சி.)

மறுவாழ்வு மையமும் அப்படியே. கேட்டுக்குள் பூட்டிய ஒரு மாதத்தில் தம்பி கற்றது உண்மையான பாடம்தான். ஆனால் அங்கே சம்பளக் கவர் இல்லை, தறிச் சத்தம் இல்லை, பகல் 12 மணிக்குத் திறக்கும் கடை இல்லை, "ஒரே ஒரு கட்டிங் மாப்பிள்ளை" என்று தோளில் கைபோடும் நண்பர் இல்லை. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியது முதல் பெட்டிக்குள்.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் இருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அவர்கள் போதையைக் கற்ற இடம் கடலுக்கு அப்பால் தங்கிவிட்டது. தம்பிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கற்ற இடமும் வாழும் இடமும் ஒன்றே.

வழி இருக்கிறதா? இருக்கிறது. 2002இல் காலின்ஸ், பிராண்டன் என்ற இருவர் மது அருந்தும் பழக்கமுள்ளவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, பீரைக் குடிக்கவிடாமல் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆசை மெல்ல மெல்ல இறங்கியது. வேறு அறைக்குக் கொண்டுபோனதும் மீண்டும் ஏறியது. இதுவரை எலியின் கதைதான். ஆனால் முதல் அறையில் கூடவே இருந்த சாதாரணப் பொருளை இரண்டாவது அறைக்கும் கொண்டுவந்தபோது, ஆசை அவ்வளவு ஏறவில்லை. அந்தப் பொருளில் எந்தச் சக்தியும் இல்லை. "அங்கே கற்றதை இங்கேயும் நினைத்துக்கொள்" என்று மூளைக்கு அது நினைவூட்டியது, அவ்வளவே.

இதைப் படித்தபோது ஏ.ஏ. கூட்டங்களில் கொடுக்கும் சிறு நாணயம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. குடிக்காமல் இருந்த காலத்தைக் குறிக்க அதைக் கொடுப்பார்கள். பலர் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள். அதற்கும் மேலாக, ஆசை வரும்போது கூப்பிட ஒரு மூத்த உறுப்பினரின் தொலைபேசி எண். கூட்டத்தில் கேட்ட அதே குரல், சம்பள நாளில், தெருமுனையில் காதுக்குள் வருகிறது. வாராவாரம் நடப்பதால் பாடம் பழசாவதில்லை. உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ நடப்பதால் பாதி வேலை முதல் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. இந்த நாணயத்தையும் பீர் சோதனையையும் முடிச்சுப் போடுவது என் சொந்த ஊகம். ஆனால் கூட்டங்கள் பலன் தருகின்றன என்பது ஊகமல்ல. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தகவல்களை, திரட்டிப் பார்த்தது. ஏ.ஏ. வழியில் முறையாக ஈடுபடுத்தப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் குடிக்காமலிருந்தவர்கள் 42 சதவீதம். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டுமே கைகொடுக்கவில்லை என்பதும் இந்த எண்ணிலேயே இருக்கிறது. அதையும் மறைக்க வேண்டாம்.

பலனில் பெரும்பங்கு எதிலிருந்து வருகிறது என்று கிளறிப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றையே சுட்டுகின்றன: பழகும் ஆட்கள் மாறுவது. குடிக்கும் நண்பர் ஒருவர் குறைந்து, குடியை விட்டவர் ஒருவர் சேர்வது. மார்க் லிட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குடிக்காத ஒரே ஒருவர் வட்டத்தில் சேர்ந்தாலே அடுத்த ஆண்டு குடிக்காமலிருக்கும் வாய்ப்பு 27 சதவீதம் கூடியது. குடியை விட ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். ஈரோட்டுக்காரர் ஒருவர் அதைக் கேட்டு முகம் சுளித்தால் எனக்குப் புரியும். படிகளைப் பிடிக்காவிட்டாலும் நாற்காலியில் உட்காரலாம். உறுப்பினராக வேண்டிய ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம்தான்.

இந்த அமைப்பு பிறந்த கதையும் கேட்கத் தகுந்தது. பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் குடியை விட்டபின், மாதக்கணக்கில் மற்ற குடிகாரர்களைத் திருத்த ஓடினார். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் அத்தனை மாதமும் அவர் குடிக்கவில்லை. 1935 மே மாதம் ஆக்ரன் நகரில் தொழில் ஒன்று கைநழுவிப்போய், ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். பக்கத்தில் பாரின் சிரிப்பொலி. உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் கிடைப்பாரா என்று ஊரெல்லாம் கேட்டார். பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் கிடைத்தார். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லி வந்தவர், ஆறு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பேச்சு முதலில் காப்பாற்றியது பில்லை.

மரியா பகானோ குழுவினர் 2004இல் இதை எண்ணால் காட்டினார்கள். சிகிச்சை முடிந்த ஆண்டில், மற்ற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 சதவீதத்தினர் குடிக்காமல் இருந்தார்கள்; உதவாதவர்களில் 22 சதவீதம். காரணம் பல சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது நினைவு பற்றியது. கசப்பான நினைவுகளின் உணர்ச்சி, இனிய நினைவுகளின் உணர்ச்சியைவிட வேகமாக மங்குகிறது. ஐந்து வருடம் கழித்து வாந்தியும் வலிப்பும் வெறும் செய்தியாகிவிடும். நோம்பிக்குக் கிடா வெட்டிய இரவின் குதூகலம் மட்டும் பளிச்சென்று நிற்கும். கை நடுங்க ஒரு புதியவர் வந்து எதிரில் உட்காரும்போது மூத்தவருக்குத் தன் முதல் நாள் உயிரோடு திரும்பி வருகிறது. பங்காளி அண்ணன் இத்தனை வருடம் கழித்தும் ஏன் பஸ் ஏறுகிறார் என்பதற்கு இது விளக்கமாகலாம்.

இப்போது கொஞ்சம் கோபம். "அவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்று பொடி விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து இருந்தால், விஷயம் தெரியாமல் குடிப்பவரின் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில், நோயாளியின் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து அது. ஒளித்துக் கலப்பதால் அவர் கற்றுக்கொள்வதும் ஒன்றுமில்லை, சோறு போடும் கையைச் சந்தேகிப்பதைத் தவிர.

வாசகிக்கு நடைமுறையாகச் சில. தம்பிக்கு அந்த மையமும் வீணல்ல, அடுத்த படி மட்டும் விட்டுப்போயிற்று. மருத்துவரிடம் காட்டிவிட்டு, அண்ணனோடு முதல் கூட்டத்துக்கு அனுப்புங்கள். குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டங்கள் உண்டு. குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்று அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன, அது உங்களுக்கு. மனநல உதவிக்கு அரசின் 14416 எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

2019இல் வெளியான எய்ம்ஸ் தேசியக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. படுக்கைகளைக் கூட்டி இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. புது மாத்திரைக்குச் சோதனை நடத்த மருந்து நிறுவனம் பணம் போடும். கூட்டத்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால் அதற்கு அப்படிப் பணம் போட ஆள் குறைவு. கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது, மாலையைக் கழற்றும் வாரத்தில் பழைய குடிப்பழக்கம் உள்ளவர்களைச் சம்மதத்தோடு சேர்த்து, குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குக் குடியை விட்ட ஒருவரின் தொலைபேசி எண்ணையும் உள்ளூர்க் கூட்டத்தின் முகவரியையும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்க்கலாம். மீதிப்பேருக்கு அதன்பிறகு கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. ஸ்கேன் கருவி தேவைப்படாத ஆய்வு இது. அடுத்த கார்த்திகைக்குள் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிவிட்டால் தொடங்கிவிடலாம்.