அப்பாவுக்கு அபினா டாக்டர்?

வாய்ப் புற்றுநோய் வலியில் இரண்டு வாரமாகத் தூங்காத ஒருவரின் மகன் போன மாதம் என்னிடம் கேட்ட கேள்வி இது. கையில் வலிக்காக எழுதிய 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை அட்டை. வலி தணிப்பு சிகிச்சை டாக்டரான எனக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். அபினிலிருந்து எடுப்பதுதான் மார்ஃபின், அதை மறைக்க முடியாது. ஆனால் இந்தப் பயத்தை வளர்த்ததில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு.

1773இல் வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் அங்கத்திய அபின் வியாபாரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். பிறகு பீகாரிலும் காசிப் பக்கத்திலும் விவசாயி முன்பணம் வாங்கிச் செடி போடுவார். காயைக் கீறி வழித்த பாலைக் கம்பெனி சொன்ன விலைக்குக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். ஆலையில் உருட்டி, பெட்டிக்கு 40 உருண்டை அடுக்கி, கல்கத்தாவில் ஏலம். சீனாவில் அபினுக்குத் தடை என்பதால் கடத்தும் வேலை ஏலம் எடுத்தவர்களுடையது. கம்பெனியின் கை சுத்தம்! 1839இல் சீனா சரக்கைப் பறித்து அழித்ததும் பிரிட்டனுடன் போர் மூண்டது.

அபின் வியாபாரத்துக்கு எதிர்ப்பு வலுத்தபோது 1893இல் பிரிட்டிஷ் அரசு விசாரிக்க ராயல் கமிஷன் போட்டது. இந்தியர்கள் அளவோடுதான் சாப்பிடுகிறார்கள், தடை வேண்டாம் என்றது 1895 அறிக்கை. கஜானாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதியது என்பேன். சுதந்திரத்துக்குப் பிறகுதான் லைசென்ஸ் அபின் கடைகள் படிப்படியாக மூடப்பட்டன.

அப்புறம் வந்தது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போட்ட வலைதான், ஆனால் மாட்டியது நோயாளிகள். பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை என்றதும் மருந்துக் கடைக்காரர்கள் மார்ஃபினைக் கைகழுவினார்கள். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. பல மாநிலங்களில் ஒரு மருத்துவமனைக்கு நாலைந்து லைசென்ஸ் வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். நான் பயிற்சியில் இருந்த இடத்தில் அப்படித்தான் ஒருமுறை பல வாரம் மார்ஃபின் அலமாரி காலி. இரட்டைப் பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

இத்தனைக்கும் 1820இல் தொடங்கிய காஸிப்பூர் அரசு அபின் ஆலை இன்றும் ஓடுகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மத்திய அரசு லைசென்ஸ் கொடுத்துப் பயிரிட வைத்து, அபினை ஏற்றுமதியும் செய்கிறது. 2014 சட்டத் திருத்தத்தின் கீழ் மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகள் தனியாகப் பிரிக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு இப்போது ஒரே அனுமதி போதும். சட்டம் மாறிவிட்டது, ஆனால் மார்ஃபின் எழுதப் பல டாக்டர்களுக்கு இன்னும் கை வருவதில்லை.

(குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் இதே செடியின் விதைதான். துபாய், சிங்கப்பூர் போகிறவர்கள் அதைப் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே தடை.)

சரி, அந்த மகனுக்கு வருவோம். வலிக்காக அளவு பார்த்துக் கொடுத்தால் அடிமையாவது அரிது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுங்கள், படுக்கும்போது மட்டும் இரட்டை டோஸ் கொடுத்தால் நடுராத்திரி டோஸ் வேண்டாம், மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து எழுதியிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. அப்பா அசந்து தூங்குகிறார், இரண்டு மணி மாத்திரைக்கு எழுப்பணுமா என்று கேட்டார். படுக்கும்போது இரட்டை டோஸ் கொடுத்தீர்கள்தானே, எழுப்ப வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.