கோடு ஏறினால் வண்டி மேடு ஏறுகிறதா?

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "படிவம் நான்கில் படிக்கும் என் மகள், தூரம்-நேரம் வரைபடத்தில் கோடு மேலே போவதைப் பார்த்து 'வண்டி மேடு ஏறுகிறது' என்று எழுதிவிட்டாள். எப்படிப் புரியவைப்பது?"

கவலை வேண்டாம், பல பிள்ளைகளுக்கு வருகிற குழப்பம்தான் இது. கிடை அச்சில் நேரம், நெட்டச்சில் தூரம், கோட்டின் சாய்வுதான் வேகம். கோடு படுத்துவிட்டால் வண்டி நிற்கிறது. பினாங்கில் தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதத்துக்கு வரைந்து பாருங்கள். வழியெல்லாம் அர்ச்சனையும் சிதறு தேங்காயும் என்பதால் கோடு அடிக்கடி படுத்துப் படுத்துத்தான் எழும். (நேர அச்சில் ராகு காலத்துக்கென்று தனிக் கட்டம் கிடையாது என்பதையும் பாட்டிகளிடம் சொல்லிவைக்கலாம்.)

சரி, மகளைப் பினாங்குத் தீவின் ஆயர் ஹீத்தாமுக்கு அழைத்துப்போய், மலை உச்சிக்குக் கம்பிவடத்தால் இழுக்கப்படும் கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலில் ஏற்றுங்கள். பாதை ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஒரே கம்பிவடம், அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு பெட்டி, வடத்தை இழுக்கும் சக்கரம் மலை உச்சியில். ஒரு பெட்டி 300 மீட்டர் ஏறினால் மற்றது 300 மீட்டர் இறங்கியே தீரவேண்டும். ஆக, கீழ் நிலையத்திலிருந்து இரண்டும் இருக்கும் தூரங்களைக் கூட்டினால் எந்த நொடியிலும் அதே 2 கிலோமீட்டர்தான்.

இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் எக்ஸ் மாதிரி ஓர் உருவம் வரும். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் இரு தூரங்களும் சமம். கூட்டினால் 2 என்றால் ஆளுக்கு 1 கிலோமீட்டர். மோட்டார் வேகமாக ஓடட்டும், மெதுவாக ஓடட்டும், நடுவில் நின்று கிளம்பட்டும்: இரு கோடுகளும் ஒரே நொடியில் வளையும், வெட்டுப்புள்ளி இடமோ வலமோ நகரும், தாளில் அதன் உயரம், அதாவது அது காட்டும் தூரம், மட்டும் அசையாது! அதனால்தான் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இரண்டாகப் பிரித்தால் போதுமாகிறது. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை, வடம் பார்த்துக்கொள்கிறது. 1923இல் ஓடத் தொடங்கிய பழைய ரயில் இரண்டு பகுதிகளாக இருந்தது, பாதி மலையில் இறங்கி மாறவேண்டும். அதை வரைந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எக்ஸ்.

இப்போது தூரத்தை மேல் நிலையத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள். மலையும் அதே, பெட்டியும் அதே. ஆனால் ஏறுகிற பெட்டியின் கோடு கீழே இறங்கும். மகளின் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். 'சாய்வு = தூரம் ÷ நேரம்' என்று மனப்பாடம் செய்யவைப்பதற்குப் பதில் பள்ளிகள் பிள்ளைகளை இப்படி வெளியே அழைத்துப்போக ஏன் பணம் ஒதுக்கக்கூடாது என்பது என் ஆதங்கம்.

இந்த வரைபடம் தேர்வோடு முடிகிற சமாச்சாரமும் அல்ல. பாரிஸ்-லியோன் ரயில்கள் அத்தனையையும் இப்படி ஒரே தாளில் கோடுகளாக்கிய படத்தை 1880களிலேயே பிரெஞ்சு அறிவியலாளர் மாரே தன் நூலில் வெளியிட்டார். ரயில் நேர அட்டவணை போடுகிறவர்கள் இன்றும் அந்த முறையைத்தான் கையாள்கிறார்கள். மலேசியாவில் நம் கெமாஸ்-தும்பாட் ரயில் பாதையும் ஒற்றைத் தண்டவாளம். அங்கே பொதுவான வடம் எதுவும் இல்லை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களின் கோடுகள் வெட்டுகிற உயரத்தில் ஒரு நிலையமோ ஒதுங்கும் பாதையோ இருக்கிறதா என்று கிளம்புமுன்பே தாளில் பார்த்தாக வேண்டும்.