திருப்புத்திறன் அளவு: சொல்லும் பொருளும்

சுமத்ரா பக்கம் நிலம் நடுங்கியதாகச் செய்தி வந்தால், குளச்சலிலிருந்து நீரோடி வரையிலும், எல்லை தாண்டிப் பொழியூரிலும் எழும் முதல் கேள்வி "ரிக்டரில் எவ்வளவு?" என்பதுதான். 2004-இல் ஆழிப்பேரலை இலங்கையைச் சுற்றி வளைந்து வந்து தாக்கிய கரை இது. கேள்வி நியாயமானது, அதிலுள்ள சொல்தான் பொருந்தவில்லை. 1935-இல் அமெரிக்க நில அதிர்வியலாளர் சார்லஸ் ரிக்டர் வகுத்த அளவு, அதிர்வுமானியில் பதிவாகும் அலையின் வீச்சைக் கொண்டு கணிக்கப்படுவது. மிகப் பெரிய நடுக்கங்களில் அந்த வீச்சு ஓரெல்லைக்கு மேல் வளராது.

இன்று அறிவியலாளர் கையாளும் 'மொமென்ட் மேக்னிட்யூட்' என்பதற்குத் 'திருப்புத்திறன் அளவு' என்பதே தக்க தமிழ். அசைவைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த 'மொமென்ட்' என்னும் சொல்லுக்குக் 'கணம்' என்ற பொருளும் உண்டு. இங்கு அப்பொருளைக் கொள்ளக் கூடாது; ஒரு விசை பொருளைத் திருப்பும் விளைவையே அது குறிக்கிறது. 'திறன்' என்பது இயற்பியலில் வேறொன்றைக் குறிக்குமே என்று தயங்கவும் வேண்டியதில்லை; 'நிலைமத் திருப்புத்திறன்' பாடநூல்களில் நன்கு பழகிய தொடர். பாறையின் விறைப்பு, பாறைகள் உடைந்து நகரும் பிளவுத் தளத்தின் பரப்பு, பாறைகள் நகர்ந்த சராசரித் தொலைவு ஆகிய மூன்றையும் பெருக்கி வருவதே நில அதிர்வுத் திருப்புத்திறன். 1966-இல் ஜப்பானிய நில அதிர்வியலாளர் கெயிட்டி அக்கி இதை முன்வைத்தார். 1979-இல் ஹேங்க்ஸும் கனமோரியும் அளவுகோலாக்கினர்.

பேரலையை எழுப்புவது கடலடித்தளத்தின் பெயர்ச்சி; அது எவ்வளவு பெயர்ந்தது என்பதை ஆட்டத்தின் கடுமை காட்டிவிடாது. 1992-இல் நிகராகுவாவில் பிளவு மெதுவாக நகர்ந்ததால் கரையில் ஆட்டம் குறைவாகவே உணரப்பட்டது; நிலத்தின் மேற்பரப்பில் பரவும் அதிர்வலைகளைக் கொண்டு கணித்த அளவு 7.2 என்றே காட்டியது, திருப்புத்திறன் அளவோ 7.6-க்குக் குறையவில்லை, பேரலை ஏறத்தாழ 170 உயிர்களைக் கொண்டுபோனது. 2004-இல் பிளவு 1,200 கிலோமீட்டருக்கு மேல், பல நிமிடங்கள் தொடர்ந்து உடைந்தது. முதலில் வந்த அலைகளை மட்டும் கொண்டு பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் அறிவித்த 8.0, பின்னர் 9-ஐத் தாண்டியது. 1993-இல் கனமோரி இனங்கண்ட, நிமிடக்கணக்கில் அலைவு நேரம் கொண்ட 'டபிள்யூ கட்டம்' என்னும் நெடிய அலைகள், இத்தகைய முழு உடைப்பையும் அரை மணிக்குள் மதிப்பிட இப்போது உதவுகின்றன.

திருப்புத்திறன் பெரிது என்பதனாலேயே கடல் பொங்கிவிடாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே நிகழ்ந்த 8.6 அளவு நடுக்கத்தில் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தன. கடலடித்தளம் மேலெழாததால் சிற்றலையே உண்டானது. ஆகவே, அளவோடு பெயர்ச்சியின் திசையையும் அதே அலைப்பதிவுகளிலிருந்து கணித்தறிகின்றனர். அந்தக் கணிப்புக்குத் 'திருப்புத்திறன் டென்சார்' என்று பெயர்.