சுடுதண்ணீர் வந்துவிட்டால் பொய்லர் வேலை முடிந்துவிட்டதா?

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் பலர் குளிர்காலம் தொடங்குவதற்குள் பொய்லரை (ரேடியேட்டர்களுக்கும் குழாய்க்கும் தண்ணீரைச் சூடாக்கும் காஸ் கருவியை) மாற்றிவிடுகிறார்கள். பொருத்தி முடிந்ததும் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் சுட்டால் மிச்சக் காசைக் கொடுத்து ஆளை அனுப்பிவிடுவார்கள். காஸ் வேலை செய்பவன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் காசைக் கொடுக்க முன், பொய்லரோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். அங்கே ‘பெஞ்ச்மார்க்’ என்ற பட்டியல் இருக்கும். சர்வீஸுக்குப் போகும் வீடுகளில் அது வெறுமையாகவே கிடப்பதை அடிக்கடி காண்கிறேன்.

அந்தப் பட்டியலில் எழுதவேண்டியவை கொமிஷனிங் செய்யும்போது, அதாவது பொருத்திய பொய்லரை முதன்முறை ஓடவிட்டுச் சோதிக்கும்போது, கிடைக்கும் அளவுகள். பக்கம் வெறுமையாக இருந்தால், அந்த அளவுகளை யாரும் எடுக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். 1998ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, புகைபோக்கி சரியாக வேலை செய்கிறதா, எரிவதற்குக் காற்று போதுமா, காஸ் அழுத்தம் அல்லது எரியும் அளவு சரியா, பொய்லர் பாதுகாப்பாக இயங்குகிறதா என்பவற்றைப் பொருத்தியவரே கையோடு பார்க்கவேண்டும். இது சட்டக் கடமை. விருப்பமிருந்தால் செய்கிற மேலதிக வேலை என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பவேண்டாம்.

முதலில் கசிவுச் சோதனை. காஸ் மீற்றரில் அழுத்தமானியைப் பூட்டி, 20 மில்லிபாருக்கு ஏற்றி, சற்று நிலைக்கவிட்டு, பிறகு 2 நிமிடம் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்போம். இதை அநேகமானோர் செய்துவிடுகிறார்கள்.

தவறவிடப்படுவது அடுத்தது: பொய்லர் முழு வேகத்தில் எரியும்போது அதன் வாசலில், அதாவது காஸ் உள்ளே நுழையும் இடத்தில், இருக்கும் அழுத்தம். பழைய பொய்லருக்கு 15 மில்லிமீற்றர் காஸ் குழாய் போதுமாக இருந்திருக்கும். அதே இடத்தில், குழாயைத் திறந்தவுடன் தொட்டியில்லாமலே தண்ணீரைச் சூடாக்கும் கொம்பி பொய்லரை மாட்டினால், சுடுதண்ணீருக்காக அது பழையதைவிட எவ்வளவோ கூடுதலாகக் காஸ் இழுக்கும். நிலத்துப் பலகையைக் கிளப்பிப் பெரிய குழாய் போடுவது செலவு என்று பழைய குழாயிலேயே இணைத்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் சமையலறைக் குழாயில் தண்ணீர் நன்றாகவே சுட்டது. குளியலறை ஷவரைத் திறந்து, அடுப்பின் எல்லாத் திரிகளையும் பற்றவைத்ததும் பொய்லர் வாசலில் அழுத்தம் சரிந்துபோனது. மீற்றருக்கும் பொய்லருக்கும் இடையில் 1 மில்லிபாருக்கு மேல் இறங்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு. வீட்டில் உள்ள மற்றக் காஸ் கருவிகளையும் எரியவிட்டுத்தான் இதை அளக்கவேண்டும். ஷவரைத் திறந்துவிடச் சொல்லி ஒருவர் கேட்டால், அவர் வேலை தெரிந்தவர்.

அடுத்தது புகை. இப்போதைய கண்டென்சிங் பொய்லர்களுக்கு (புகையில் உள்ள நீராவியைத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பயன்படுத்துபவை) அடியில் ஒரு தண்ணீர்ப் பொறி இருக்கிறது. முதல்முறை பற்றவைக்க முன் அதில் தண்ணீர் நிரப்பவேண்டும். காய்ந்து கிடந்தால் எரிந்த வாயு அதன் வழியாக வீட்டுக்குள்ளேயே வரலாம். பிறகு, எரிந்த வாயுவைப் பகுப்பாய்வுக் கருவியால் சோதிக்கவேண்டும். உள்ளே இழுக்கும் காற்றில் ஒட்சிசன் 20.6 சதவீதத்துக்குக் குறைந்தால் புகைபோக்கி இணைப்பில் எங்கோ கசிகிறது என்று சந்தேகிக்கவேண்டும். வெளியேறும் புகையில் காபன் மொனொக்சைட் 350 பிபிஎம்முக்குக் (பத்து இலட்சத்தில் 350 பங்கு) கீழே இருக்கவேண்டும். காபன் டைஒக்சைட்டோடு அதற்குள்ள விகிதமும் 0.004ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் பொய்லரை ஓடவிட்டுப் போகக்கூடாது. நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட், இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டல் என்று தொடங்குவதால் தடிமன் காய்ச்சல் என்றே நினைத்துப் படுத்துவிடுவார்கள். அதனால்தான் இந்தப் படியில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

இங்கிலாந்தில் 2022 ஒக்டோபர் 1இலிருந்து புது பொய்லர் பொருத்தினால் காபன் மொனொக்சைட் அலாரமும் பொருத்தவேண்டும். கூரையோடு ஒட்டிய மூலையிலோ பொய்லர் இருக்கும் அலுமாரிக்குள்ளோ செருகாமல், அலாரத்தோடு வரும் தாளில் சொன்ன இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பழைய ரேடியேட்டர்களைக் கழுவி, துருத் தடுப்பு மருந்து விட்டு, வடிகட்டியும் பூட்டவேண்டும். தவறினால் உயிருக்கு ஆபத்தில்லை. பொய்லரின் ஆயுளும் உங்கள் உத்தரவாதமும்தான் போகும்.

நம் சமூகத்தில் இந்த வேலை பெரும்பாலும் “தெரிந்த அண்ணா ஒருவர், மலிவாய்ச் செய்து தருவார்” என்றுதான் கைமாறுகிறது. அந்த அண்ணாவிடம் காஸ் சேஃப் அட்டையை, அதாவது காஸ் வேலைக்குச் சட்டப்படி பதிவு செய்தவர் என்பதைக் காட்டும் அட்டையை, கேட்கக் கூச்சப்படுகிறோம். தயவுசெய்து கேளுங்கள். காஸ் சேஃப் அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும். கோர்ஜி என்ற பழைய பதிவகத்தில் பதிவு இருக்கிறது என்று சொன்னால் அது போதாது. 2009 ஏப்ரல் 1இலேயே அதன் இடத்துக்குக் காஸ் சேஃப் வந்துவிட்டது.

வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பொய்லரைப் பொருத்தியவர் காஸ் சேஃப் வழியாக உள்ளூராட்சிச் சபைக்கு அறிவிக்கவேண்டும். அதன்பிறகு கட்டட ஒழுங்குவிதிச் சான்றிதழ் உங்களுக்குத் தபாலில் வரும். வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் இதைத்தான் கேட்பார். வராவிட்டால் முதலில் பொருத்தியவரிடம் கேளுங்கள். அவர் இழுத்தடித்தால் காஸ் சேஃப் பதிவகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தெரிந்தவர் என்று விட்டுவிடாதீர்கள்.

இதற்கிடையில் அலாரம் அடித்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடித்தாலோ, பொய்லரை நிறுத்தி, யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே நின்றுகொண்டு 0800 111 999 என்ற காஸ் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். அது 24 மணி நேரமும் இலவசம். உடல்நிலை மோசமாக இருந்தால் அம்புலன்ஸுக்கு 999.