மைக்ரோ ஆர்.என்.ஏ-வுக்குத் தமிழ்ல நுண்ணா, குறுவா?

ஆர்.என்.ஏ-ங்கிறது ஜீனப் பாத்து செல்லு செஞ்சுக்கிற சங்கிலி மாதிரி மூலக்கூறு. நம்ம மொரிசியஸ்ல இந்த ஒரே சாமானுக்கு ரெண்டு பேர் ஓடுது, ஸ்கூல் புக்குல இங்கிலீஷ்ல ஆர்.என்.ஏ, அதே பிள்ளை வீட்டுக்கு வந்து பிரெஞ்சு பேப்பர தொறந்தா ஏ.ஆர்.என். தமிழ்ல சொல்லுன்னா முழிக்குதுங்க, அதான் எழுதுறேன்.

மைக்ரோ கிரேக்கச் சொல்லு, சின்னதுன்னு அர்த்தம். ஆர்.என்.ஏ-ல வர்ற 'ஆர்' ரைபோஸ்ங்கிற சர்க்கரைய குறிக்குது. அந்தப் பேரே அராபினோஸ்னு இன்னொரு சர்க்கரையோட பேர்ல எழுத்த மாத்திப் போட்டு செஞ்சதுதான், அராபினோஸ் வந்தது அரபுக் கோந்துலேர்ந்து. 1993-ல ஆம்ப்ரோஸ், ருவ்கன்னு ரெண்டு விஞ்ஞானிங்களோட லேபும் ஒரு மில்லிமீட்டர் புழுவுல மைக்ரோ ஆர்.என்.ஏ-வ கண்டுபிடிச்சாங்க, அந்தப் பேர் வந்தது 2001-ல, நோபல் கெடச்சது 2024-ல.

சிலர் நுண் ஆர்.என்.ஏ-ன்னு எழுதுறாங்க. எனக்கு அது சரியா படல, ஏன்னா எந்த ஆர்.என்.ஏ-வும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாமே நுண்தான். இதோட தனித்தன்மை நீளம்: ஜீனோட சேதிய தூக்கிட்டுப் போற தூது ஆர்.என்.ஏ ஆயிரக்கணக்கான எழுத்து (சங்கிலியோட ஒவ்வொரு கண்ணியும் ஒரு எழுத்து) வரைக்கும் ஓடும், இது வெறும் 22 எழுத்து சுமார். குறும்படம், குறுநாவல்னு சொல்றோம்ல, அப்ப இது குறு ஆர்.என்.ஏ. இத மாதிரி குட்டி வகை எல்லாத்தையும் சேத்து சொல்லணும்னா சிறு ஆர்.என்.ஏ-ன்னு வச்சுக்கலாம்.

வேலை என்னன்னா, புரதம் செய்யச் சொல்லி ஜீன்லேர்ந்து போற தூது ஆர்.என்.ஏ மேல போய் ஒட்டிக்கிட்டு, போதும் நிறுத்துன்னு அடக்கும். உள்காதுல இது எவ்வளவு முக்கியம்னு பாருங்க, ஒரு காதுல மயிர்ச்செல், அதாவது சத்தத்த உணர்ற செல்லு, சுமார் 15,000 தான், மனுசனுக்கு அது செத்தா திரும்ப முளைக்காது. அந்தச் செல்லு பக்குவமாகுறதுக்கு மிர்-96, 182, 183-ன்னு (மிர்னா மைக்ரோ ஆர்.என்.ஏ-வோட சுருக்கம்) மூணு குறு ஆர்.என்.ஏ ஒண்ணா வேலை செய்யுது. 2009-ல ஸ்பெயின்ல பரம்பரையா காது கேக்குறது கொறையுற குடும்பங்கள்ல பாத்தா, மிர்-96 தூது ஆர்.என்.ஏ-வ அடையாளம் கண்டு ஒட்டுற எடத்துல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்துச்சு. அதே வருசம் எலியிலயும் அப்படி ஒரு எழுத்து மாத்தம் தெரிஞ்சுது, அந்த எலிகளோட மயிர்ச்செல்லு பிறந்த நேரத்து நிலையிலேயே நின்னுடுது, மேல வளரல.

நம்பர மட்டும் மொழிபெயர்க்காதீங்க, மிர்-96 மிர்-96-ஆவே இருக்கட்டும். எழுதுறப்போ இப்படி எழுதலாம்: "மிர்-96 என்ற குறு ஆர்.என்.ஏ பழுதானதால் மயிர்ச்செல் முதிரவில்லை."