மூலையில் ஒரு பட்டன் வைத்தால் தளம் எல்லோருக்கும் திறந்துவிடாது

வரி கட்டும் படிவம். பெயர், வரி எண், தொகை எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசியில் கோணல்மாணலாக ஆறு எழுத்துகள் உள்ள ஒரு படம். "படத்தில் உள்ளதை உள்ளிடுக." பார்வையில்லாதவரின் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. யாரையாவது கூப்பிட்டு, தன் வரி எண்ணையும் வங்கி விவரத்தையும் அவர் கையில் ஒப்படைக்க வேண்டியதாகிறது. அதே பக்கத்தின் மேல் மூலையில், நீல வட்டத்துக்குள் கை விரித்து நிற்கும் மனித உருவம் பதித்த பட்டன் ஒன்று. பக்கத்தில் "இத்தளம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது" என்ற வரி.

உள்ளாட்சி மன்றத் தளங்களில் இந்த இரண்டும் ஜோடியாகவே வருகின்றன. ஒன்றைத் திருத்தச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தளம் அதே பட்டனோடு திறப்பு விழா காண்கிறது. ஆகவே முதலில் அந்தப் பட்டனைப் பற்றியே பேசிவிடலாம்.

அதை அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், பக்கத்தை உரக்கப் படிக்க வைக்கலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். யாருக்காக? பார்வை மங்கியவர் உங்கள் தளத்துக்கு வருமுன்பே தன் கணினியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார். அப்படி வைக்காமல் தேடுபெட்டியில் உங்கள் மன்றத்தின் பெயரைக்கூட அவரால் தட்டியிருக்க முடியாது. நிறமும் அப்படித்தான்: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து தேவைப்படுபவர் அதைத் தன் கணினியிலேயே அமைத்திருப்பார். உங்கள் தளம் செய்ய வேண்டியதெல்லாம் அந்த அமைப்போடு மல்லுக்கு நிற்காமல் இருப்பதுதான். உரக்கப் படிக்கும் வசதியோ இன்னும் விசித்திரம். பட்டன் எங்கே இருக்கிறது என்று கண் தெரியாதவருக்கு யார் சொல்வது? திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் அவருடைய ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்தான். அது ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் பட்டனும் பேசத் தொடங்கினால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குரல்கள். எதுவும் விளங்காது. உங்கள் தளத்தை விட்டு வங்கியின் பக்கத்துக்குப் போனதும் பட்டன் பின்தங்கிவிடும். ஸ்கிரீன் ரீடர் கூடவே போகும்.

இவ்வளவு விளக்குவதற்குக் காரணம், இந்தப் பட்டனுக்குச் செலவழித்த பிறகு "அணுகல்தன்மை வேலை முடிந்தது", அதாவது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழி செய்தாயிற்று, என்று கோப்பை மூடிவிடுகிறார்கள் என்பதுதான். படமாகப் போட்ட அறிவிப்பைப் பட்டன் சரியாகப் படித்துக் காட்டப்போவதில்லை. பெயரில்லாத படிவக் கட்டத்துக்கு அது ஊகித்துப் பெயர் வைத்தால், அது தப்பாக இருக்கும்போது தப்பான பணம் தப்பான கணக்கில் விழும். எந்தத் தளத்தையும் தரநிலைக்கு ஏற்றதாகத் தானாகவே மாற்றிவிடும் என்று விளம்பரம் செய்த இப்படியொரு நிறுவனத்தை அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025-ல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. "தனியாக எழுத்து மட்டும் உள்ள பதிப்பு ஒன்று வைத்திருக்கிறோம்" என்பதும் இதே வகைதான். அந்தப் பதிப்பை யாரும் புதுப்பிப்பதில்லை.

அடுத்து அடிக்கடி கேட்கும் வாதம்: "எங்கள் தளத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை." எப்படித் தெரியும்? ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர் வந்து போனாரா என்பதை வருகைப் பதிவேடு காட்டாது. படிவத்தில் மாட்டிக்கொண்டு பாதியில் போனவரும், மனம் மாறிப் பாதியில் போனவரும் அதில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது 6-ல் ஒருவர், கணிசமான உடற்குறைபாட்டோடு வாழ்கிறார்கள். கடை சரியில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். பிறப்புச் சான்றிதழுக்கு வேறு மன்றத்துக்குப் போக முடியாது.

பின்பற்ற வேண்டிய தரநிலை தெளிவாகவே இருக்கிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் டபிள்யூசிஏஜி (WCAG) என்ற வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்: 2.0 பதிப்பு 2008-ல், 2.1 பதிப்பு 2018-ல், 2.2 பதிப்பு 2023-ல் வந்தன. ஏ, ஏஏ, ஏஏஏ என்ற மூன்று நிலைகளில் ஏஏ-தான் இலக்கு. அதன் கோட்பாடுகளை இங்கே ஓதப்போவதில்லை. எங்கே உதைக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. மவுசைக் கழற்றி வையுங்கள். முகப்புப் பக்கத்திலிருந்து தொடங்கி டேப், ஷிஃப்ட்-டேப், எண்டர், ஸ்பேஸ், எஸ்கேப், அம்பு விசைகள் ஆகியவற்றை மட்டும் வைத்துத் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு புகாரைப் பதிந்து பாருங்கள். ரசீது எண் கையில் வரும்வரை போக வேண்டும். பெரும்பாலான தளங்களில் மூன்றாவது டேப்பிலேயே, இப்போது எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் போய்விடும். நிற்கும் இடத்தைச் சுற்றி உலாவி தானாகக் காட்டும் கோட்டை, அழகு கெடுகிறது என்று வடிவமைப்பாளர் நீக்கியிருப்பார். அப்படி நீக்கச் சொல்லும் ஒற்றை வரியைக் குறியீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அதைவிடத் தடித்த கோட்டைப் போடுங்கள். மவுசை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் மெனு கீபோர்டில் திறக்காது. பட்டன் போலத் தோன்றும் ஆனால் பட்டனாக எழுதப்படாத பெட்டிகள் டேப்பில் சிக்கவே சிக்காது. உண்மையான பட்டன் குறியீட்டைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. நாற்பது மெனு இணைப்புகளைத் தாண்டித்தான் உள்ளடக்கத்துக்கு வர முடியும் என்றால், பக்கத்தின் முதல் இணைப்பாக "முதன்மை உள்ளடக்கத்துக்குச் செல்" என்று ஒன்று வையுங்கள். அது வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். இருந்தும் எங்கேயும் கொண்டுபோகாத இணைப்புகள் ஏராளம்.

இரண்டாவது சோதனை காதால். விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கின்றன. திரையை அணைத்துவிட்டு அதே புகாரை மறுபடியும் பதியுங்கள். என்விடிஏ-யில் எச் விசையை அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவ வேண்டும். தாவவில்லை என்றால், உங்கள் தலைப்புகள் தடித்த எழுத்தாக மட்டுமே இருக்கின்றன, தலைப்பாகக் குறிக்கப்படவில்லை என்று பொருள். இணைப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள்: "இங்கே சொடுக்கவும்", "இங்கே சொடுக்கவும்", "மேலும்", "மேலும்". எது எதற்கென்று யாருக்குத் தெரியும்? "குடிநீர் இணைப்பு விண்ணப்பம், பிடிஎஃப், 2 பக்கம்" என்று எழுத எவ்வளவு நேரமாகிவிடும்?

தமிழ்ப் பக்கங்களில் கூடுதலாக ஒரு கோளாறு. ஆங்கில வார்ப்புருவை நகலெடுத்துச் செய்வதால், பக்கத்தின் மொழி இன்னும் ஆங்கிலம் என்றே குறியீட்டில் இருக்கும். ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்கப் பார்க்கும்; உளறும், அல்லது விட்டுவிட்டுப் போகும். முதல் வரியில் மொழிக் குறியீட்டைத் தமிழுக்கு மாற்றினால் போதும். பக்கத்தின் நடுவில் ஆங்கிலப் பத்தி இருந்தால் அதற்கு மட்டும் தனியாக ஆங்கிலக் குறியீடு.

இனி படிவங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும். குறியீட்டில் அது அந்தக் கட்டத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டத்துக்குள் வெளிறிய எழுத்தில் "உங்கள் பெயர்" என்று போடுவது பெயர்ச்சீட்டு ஆகாது. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். நினைவாற்றல் குறைந்தவர் எதை நிரப்புகிறோம் என்பதையே மறந்துபோவார். பிழை நேர்ந்தால் கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். "கைபேசி எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும், 9 உள்ளன" என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்த வரியையும் அதே கட்டத்தோடு கட்டுங்கள். நிரப்பிய மற்ற விவரங்களைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். நாட்காட்டியில் சொடுக்கித்தான் பிறந்த தேதியைத் தர முடியும் என்ற கட்டாயமும் வேண்டாம். 1948-க்குப் போக எத்தனை முறை பின்னால் தள்ளுவது? நாள், மாதம், ஆண்டு என மூன்று கட்டங்கள் வைத்தால் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நேரக் கெடு வைப்பதாக இருந்தால், அது முடியுமுன் எச்சரித்து, ஒரு விசையைத் தட்டி நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடியாவது தர வேண்டும். அப்படிக் குறைந்தது 10 முறை நீட்டிக்க முடிய வேண்டும். ஒற்றை விரலால் தட்டுபவருக்கும், வாயில் பிடித்த குச்சியால் தட்டுபவருக்கும் இது சலுகை இல்லை, படிவத்தை முடிப்பதற்கான குறைந்தபட்சத் தேவை. கோணல் எழுத்துப் படத்துக்கு மாற்றாக ஒலிப் புதிர் வைத்திருக்கிறோம் என்பார்கள். பார்வையும் கேட்கும் திறனும் இரண்டுமே இல்லாதவர் என்ன செய்வார்? தானியங்கி நிரல்களைத் தடுக்க, மனிதர்களுக்குத் தெரியாத, நிரல் மட்டும் நிரப்பி மாட்டிக்கொள்ளும் ஒரு பொறிக்கட்டம், ஒரே முகவரியிலிருந்து வரும் வேண்டுகோள்களுக்கு ஓர் உச்சவரம்பு என்று சர்வரின் பக்கமே செய்யக்கூடியவை இருக்கின்றன. அந்தச் சுமையை மக்கள் தலையில் ஏற்றாதீர்கள். கடவுச்சொல் கட்டத்தில் ஒட்டும் வசதியைத் தடுத்து வைப்பதையும் நிறுத்துங்கள்.

மன்றத் தளங்களில் உண்மையான குப்பை சேருமிடம் பிடிஎஃப். கூட்டத் தீர்மானம், வரி விகிதம், ஒப்பந்தப்புள்ளி, எல்லாம் கணினியில் தட்டச்சாகி, அச்சாகி, முத்திரை குத்தப்பட்டு, பிறகு ஸ்கேன் செய்யப்பட்டு ஏறுகின்றன. ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். சில சமயம் "காலி ஆவணம்" என்றே சொல்லிவிடும். கையொப்பமிட்ட படி வேண்டுமென்றால் அதையும் வையுங்கள். பக்கத்திலேயே மூல ஆவணத்தின் உரையை வலைப்பக்கமாகவே போடுங்கள். பிடிஎஃப்தான் வேண்டும் என்றால் செய்முறை இது: வேர்டில் தலைப்புகளைத் தலைப்புப் பாணியால் அமையுங்கள், எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்குவது பயன்படாது. அட்டவணையின் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள், கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து, தாருங்கள். பிறகு "பிடிஎஃப்-ஆகச் சேமி" வழியாகச் சேமியுங்கள். அதன் விருப்பங்களில் அணுகல்தன்மைக்கான ஆவண அமைப்புக் குறிகளைச் சேர்க்கும் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிடும் கட்டளை வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் இவ்வளவு உழைப்பும் போய்விடும், அமைப்பு இல்லாத வெற்று எழுத்து மட்டும் மிஞ்சும்.

தமிழ் ஆவணங்களுக்கு இன்னொரு சோதனை. பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. கண்ணுக்குத் தமிழ், காதுக்கு வெறும் ஆங்கிலக் குப்பை. அதை யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு எந்த வைத்தியமும் பலிக்காது. யூனிகோடாக இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறி வந்தால், பிடிஎஃப் உருவாக்கத்தில் கோளாறு. அப்போது வலைப்பக்கமாகப் போடுவதுதான் சுருக்கு வழி.

இதே நோய்க்கு இன்னொரு முகம், "நாளை குடிநீர் வராது" என்பதை வண்ணச் சுவரொட்டியாகச் செய்து படமாக ஏற்றுவது. எந்தப் பகுதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். படம் வேண்டுமானால் கூடவே இருக்கட்டும். அலங்காரப் படத்துக்கு மாற்று உரையை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். ஆனால் குறியீட்டில் மாற்று உரைக்கான பண்பையே (alt) எழுதாமல் விட்டால் ஸ்கிரீன் ரீடர் கோப்பின் பெயரை எண் எண்ணாகப் படித்துக் காட்டக்கூடும்.

மற்றவை சுருக்கமாக. எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளையில் #999999 என்ற வண்ணக் குறியீடுள்ள சாம்பல் 2.85-தான் வரும், #767676 தேறிவிடும். சுத்தச் சிவப்புகூட வெள்ளையில் 4-ஐ ஒட்டியே நிற்கிறது. உலாவியில் 400 விழுக்காடு பெரிதாக்கினாலும் பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிய வேண்டும். சொடுக்கும் இடங்கள் குறைந்தது 24-க்கு 24 பிக்சல். ஓடும் எழுத்துச் செய்தி 5 விநாடிக்கு மேல் ஓடினால் நிறுத்தும் வசதி வேண்டும். ஓடவே விடாமல் இருப்பது இன்னும் மேல். கூட்டங்களின் காணொளிக்கு வசன வரிகள் அவசியம். தானியங்கி வரிகளில் தெருப் பெயர்களும் தொகைகளும்தான் முதலில் தப்பாகும் என்பதால் ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்ட காது கேளாதோருக்கு எழுத்து வரிகள் இரண்டாம் மொழி. முக்கிய அறிவிப்புகளுக்காவது சைகை மொழிபெயர்ப்பு வையுங்கள். வார்டு வரைபடத்துக்குப் பக்கத்தில் தெருப் பெயரால் தேடும் பட்டியல் ஒன்று.

தானியங்கிச் சோதனைக் கருவிகள் நல்லவை, ஓட்டுங்கள். ஆனால் 100 மதிப்பெண்ணைச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். மாற்று உரை இருக்கிறதா என்று கருவிக்குத் தெரியும். அதில் "படம்1" என்று எழுதியிருப்பது தப்பு என்பதை மனிதர்தான் சொல்ல முடியும். அந்த மனிதர்களில் ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்துபவர் ஒருவராவது இருக்கட்டும். அவர் நேரத்துக்கு ஊதியமும் கொடுங்கள்.

வெளி நிறுவனத்திடம் வாங்கும் பணம் செலுத்தும் பக்கமும் உங்கள் பொறுப்புதான். டபிள்யூசிஏஜி 2.2 ஏஏ என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மவுஸ் இல்லாமல் ஒரு கட்டணத்தை முழுதாகச் செலுத்திக் காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். கொடுத்த பின் கேட்டால் "அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்பதுதான் பதிலாக வரும்.

கடைசியாக அணுகல்தன்மை அறிக்கைப் பக்கம். "முழுமையாக ஏற்றது" என்று எழுதாதீர்கள். எது இன்னும் சரியாகவில்லை, எப்போது சரியாகும், அதுவரை அந்த வேலையை எப்படி முடித்துக்கொள்வது என்று தேதி போட்டு எழுதுங்கள். தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் காது கேளாதவர் எப்படிப் பேசுவார்? மின்னஞ்சலும் வேண்டும். அந்த மின்னஞ்சலை அலுவலகத்தில் யார், எத்தனை நாளுக்குள் திறந்து பதில் எழுதுவார் என்பதை முடிவு செய்துவிட்டு அந்தப் பக்கத்தை வெளியிடுங்கள்.