ஃப்ளை என்றால் ஈ அல்ல

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஓடும் மேடிசன் ஆற்றில் மீன் பிடிக்க ஒரு விதி உண்டு: ஃப்ளை மட்டுமே போடலாம். இதை ‘ஈ மட்டுமே’ என்று தமிழில் எழுதிவைத்தால், நம் ஆள் ஒருவர் தீப்பெட்டி நிறைய ஈ பிடித்துக்கொண்டு கரையில் போய் நிற்பார், அபராதம் கட்டிவிட்டுத் திரும்புவார். உயிருள்ள பூச்சியும் புழுவும் அங்கே கூடவே கூடாது.

ட்ரௌட் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள் ஃப்ளை என்று சொல்வது ஒரு தூண்டில் முள்ளை. முள்ளின் தண்டில் நூல், சேவல் இறகு, மான் மயிர், கம்பளி என்று எதையாவது சுற்றிக் கட்டி, மீனின் கண்ணுக்குப் பூச்சி போலத் தெரியவைத்த முள். எடை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே நூல்தான் தடிமனானது. அதை வீசினால் அதன் கனத்தில் முள் பின்னாலேயே போகும்.

ஆங்கிலத்தில் இந்தப் பெயரும் ‘பற’ என்ற வினையும் ஒரே வேரில் பிறந்தவை. முன்பு சிறகுள்ள பூச்சி எதுவானாலும் ஃப்ளைதான். பட்டர்ஃப்ளை, டிராகன்ஃப்ளை என்ற பெயர்களில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழிலும் ‘தேனீ’ இருக்கிறதே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் வெறுமனே ‘ஈ’ என்றால் நமக்கு ஞாபகம் வருவது ஜிலேபித் தட்டில் உட்கார்ந்திருப்பதுதான். அதனால் ‘ஈ மீன்பிடிப்பு’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை.

இந்த வித்தையின் மிகப் பழைய குறிப்பு கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ரோமானியர் ஏலியானுஸ் எழுதியது. மாசிடோனியாவில் புள்ளிமீன்கள் ஒருவகைப் பூச்சியை விரும்பித் தின்னும். அதைப் பிடித்து முள்ளில் குத்தலாம் என்றால், கை பட்டதும் நிறம் போய்விடும், சிறகு வாடிவிடும். அதனால் அங்குள்ளவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்கடியில் முளைக்கும் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள் என்கிறார். ஆக, நிஜம் உதவாது என்று தெரிந்த பிறகு வந்த பொய் இது.

அந்தப் பொய் பெயரிலும் தெரிய வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் ‘பொதியிரை’ என்றொரு சொல் வருகிறது: தூண்டில் இரும்பைப் பொதிந்து மறைத்த இரை. கேட்க அழகுதான். ஆனால் அது தின்னக்கூடியது. அதைக் கவ்வி வாளை தப்பிவிடுகிறது. ஃப்ளையில் தின்ன எதுவும் கிடையாது. பொய்க்கால் குதிரை இருக்கிற மொழியில் ‘பொய்ப்பூச்சி’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதுவே என் தேர்வு. அப்புறம் அந்த முறைக்குப் பெயர் பொய்ப்பூச்சித் தூண்டில்.

கிளைச்சொற்களில்தான் இன்னும் கவனம் வேண்டும். ‘டிரை ஃப்ளை’யை ‘உலர் ஈ’ ஆக்கினால் கருவாட்டுக் கடை ஞாபகம் வரும். நீர்ப்பரப்பில் மிதப்பது அது. ‘மிதப்புப் பூச்சி’ போதும். தண்ணீருக்குள் வாழும் இளம்பருவத்தைப் போலக் கட்டிய ‘நிம்ஃப்’, ‘அமிழ்பூச்சி’. ‘ஹாட்ச்’ என்பதை ‘முட்டை பொரித்தல்’ என்று எழுதினால் தப்பு. மேடிசனில் ஜூன் கடைசியில் வரும் சால்மன்ஃப்ளை என்ற நிஜப் பூச்சி கிட்டத்தட்ட 5 செ.மீ. நீளம், ஆரஞ்சு வயிறு. அது முட்டையிலிருந்து வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும்; அத்தனை காலமும் கல்லுக்கடியில் கிடந்துவிட்டுக் கரையேறித் தோலுரித்துப் பறக்கிறது. மழைக்குப் பிறகு ‘ஈசல் புறப்பட்டிருக்கு’ என்கிறோமே, அதேதான். ஹாட்ச் என்பதற்குப் ‘பூச்சிப் புறப்பாடு’ என்பேன்.

கோடையில் பொய்ப்பூச்சி தேர்ந்தெடுப்பது என்றால் அந்த நேரத்தில் எது புறப்படுகிறது என்று பார்ப்பதுதான். சால்மன்ஃப்ளை ஓய்ந்ததும் ஜூலை சாயங்காலங்களில் கேடிஸ் என்ற சிறு பூச்சி. அதற்குக் கட்டுவது எல்க் ஹேர் கேடிஸ். 14 அல்லது 16ஆம் எண் முள் (எண் ஏற ஏற முள் சிறுக்கும், முதலில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான்). உடம்புக்கு நூலோடு முறுக்கிய மயிர், அதன்மேல் சுருளாகச் சேவல் இறகு, முதுகில் கூரை சாய்ந்த மாதிரி எல்க் மானின் மயிர்க்கற்றை. அந்த மயிருக்குள் காற்றறைகள் இருப்பதால் சுழிப்பிலும் முங்காமல் மிதக்கும்.

ஆகஸ்டில் தத்துக்கிளி. கரைப்புல்லிலிருந்து காற்று அவற்றை ஆற்றில் தள்ளும். அந்தப் பொய்ப்பூச்சியை மெல்ல இறக்க வேண்டாம், ‘பொத்’தென்று விழட்டும். அதன் முள்ளிலேயே ஒரு முழ நரம்பு கட்டிச் சின்ன அமிழ்பூச்சியைத் தொங்கவிடுவோரும் உண்டு. அப்போது தத்துக்கிளியே தக்கை. அது சட்டென்று முங்கினால் கீழே மீன் கவ்விவிட்டது என்று அர்த்தம்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சால்மன் பிடிக்கும் பழைய பொய்ப்பூச்சிகளில் கண் போல மினுங்கும் இறகு நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திலிருந்து போனது. இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது.

மேடிசன் ஓடும் மொன்டானா மாநிலத்தில் கோடைக்கென்று இன்னொரு சொல்லும் புழங்குகிறது: ‘ஹூட் அவுல்’, அலறும் ஆந்தை. ஆற்றுநீர் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிப்பை நிறுத்திவைப்பார்கள். சூடான நீரில் பிராணவாயு குறைந்து ட்ரௌட் திணறும். பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்டாலும் பிழைப்பது கஷ்டம். இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடி மெனக்கெட வேண்டாம், 2 மணிக்குத் தூண்டில் கழியை மடக்கிவிட்டால் சரி.